பனியில் முழங்கும் பித்தளை

நுழையும்முன்

ஒருவர் தனித்துப் பாடுவது ஓர் இன்பம். பலர் கூடி ஒரே ஒலியாக எழுவது வேறோர் இன்பம். கூட்டிசைக்குத் தமிழர் ‘பல்லியம்’ என்று பெயரிட்டனர். கொம்பும் முழவும் சேர்ந்த சிறு குழுக்கள் நீலகிரி மலையில் நெடுங்காலமாக ஒலித்து வருகின்றன. பழங்குடியினர் விழாக்களங்கள், படைவீரர் அணிவகுப்புத் திடல்கள், பள்ளி மைதானங்கள், போட்டி மேடைகள் எனக் களங்கள் மாறியுள்ளன. அத்தகைய குழுக்களில் இசைப்போர் பெறும் மகிழ்ச்சியையும், அம்மகிழ்ச்சிக்குள் அடங்கிய உழைப்பையும், அதன் பின்னுள்ள சமூக வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இயம் சுமந்தோர்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இசைக்குழு ஒன்றின் பயணத்தைப் பொருளாகக் கொண்டது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர் குழு மலைவழியே நடக்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல் முதலிய கருவிகளைப் பைகளில் இட்டு, பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் இருபுறமும் நிறை ஒத்திருக்குமாறு கட்டிச் சுமந்து செல்கின்றனர். இப்பட்டியலில் வரும் ‘பாண்டில்’ வெண்கலத்தாலான தாளம், ‘கோடு’ ஊதுகொம்பு. உலோகமும் தோலும் காற்றும் சேர்ந்த கூட்டிசை தமிழர்க்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த புதுமை அன்று. கருவிகளைச் சுமப்பதிலும் புலவர் பெருங்கௌசிகனார் அழகு கண்டுள்ளார். கனத்த பேஸ் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டுப்பாதையில் நடந்து பழகிய மாணவர் எவருக்கும் அவ்வுவமை உடனே விளங்கும்.

கொம்பு, குழல், பறை

நீலகிரியின் தொல்குடியினருள் கோத்தர் இசைக்குப் பெயர் பெற்றவர். ஏறத்தாழ 2,000 பேரைக் கொண்ட இச்சிறிய சமூகம் ஏழு ஊர்களில் வாழ்கிறது. இரும்புத்தொழில், மரத்தொழில், மட்பாண்டம் வனைதல் ஆகியவற்றிலும் கோத்தர் வல்லவர். அவர்தம் இசைக்குழு சிறியது. ‘கொள்’ எனப்படும் சீவாளி வைத்த ஊதுகுழல், ‘கொப்’ எனப்படும் வளைந்த பித்தளைக் கொம்பு, ‘பர்’ எனப்படும் இருமுகப் பறைகள், ‘தபட்க்’ எனப்படும் வட்டத் தப்பட்டை ஆகியவையே அதன் கருவிகள். குழல், கொம்பு, பறை, தப்பட்டை என்னும் தமிழ்ச்சொற்களோடு இப்பெயர்களுக்குள்ள உறவு கேட்ட மாத்திரத்திலேயே புலப்படும். மொழியறிஞர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கிக் கோத்தர் மொழியை ஆராய்ந்தார். பின்னர் அவரும் பர்ரோவும் இணைந்து 1961ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதிக்கு இத்தகைய களப்பணி பெருந்துணையாயிற்று.

கோத்தர் குழுவில் குழலே பண்ணை இழுத்துச் செல்கிறது. பறைகள் ஒவ்வொன்றும் தனக்குரிய அடியைத் தவறாது வைக்க, அவ்வடிகள் ஒன்றோடொன்று பின்னி முழுத்தாளம் பிறக்கிறது. ஒரு பறையை மட்டும் தனியே கேட்டால் அதில் பாதிச் செய்தியே இருக்கும். மறுபாதி அடுத்தவர் கையில் உள்ளது. தெய்வத்துக்கு உரிய இசை, ஆடலுக்கு உரிய இசை, இறந்தோர்க்கு உரிய இசை என்று அவர்கள் பண்களைப் பிரித்து வைத்துள்ளனர். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்கு இசைப்பதில்லை. இவ்விசையை அமெரிக்க இசையியலாளர் ரிச்சர்டு வுல்ஃப் பல ஆண்டுகள் உடனிருந்து ஆராய்ந்து நூலாக்கியுள்ளார்.

கோத்தர் தம் ஊருக்கு மட்டும் இசைத்தவர் அல்லர். அண்டை வாழ் படுகர், தோடர் ஆகியோரின் சடங்குகளுக்கும் அவர்களே இசைத்தனர். அதற்கு ஈடாகத் தானியமும் பிற பொருள்களும் பெற்றனர். இப்பரிமாற்றத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. கொம்பு இல்லாமல் சடங்கு நிறைவுறாது. ஆயினும் கொம்பு ஊதுபவருக்குச் சமமான இருக்கை கிடையாது. பறையடித்தல் தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் சமவெளியில் போலவே மலையிலும் பரவியது. 1930களில் கோத்தர் இசை வேண்டுமா வேண்டாவா என்பது குறித்துப் படுகரிடையே கருத்து வேறுபாடு எழுந்ததை மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் பதிவு செய்துள்ளார். காலப்போக்கில் பழைய பிணைப்பு தளர்ந்தது. ஊர்தோறும் சென்று இசைத்த குழுக்கள் தம் ஊர்க்கோயில் முற்றத்துக்குத் திரும்பின. இழப்பு என்றும் விடுதலை என்றும் இதனை இருவகையாகவும் நோக்கலாம், இரண்டும் உண்மையே.

அணிவகுப்பின் இசை

ஐரோப்பியப் படைகளோடு மற்றொரு வகைக் கொம்பும் முழவும் தமிழகத்துக்கு வந்தன. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒலித்த படைப்பேண்டின் மெட்டுகள் முத்துசுவாமி தீட்சிதரின் செவியில் பட்டன. அவற்றுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தவையே ‘நோட்டுஸ்வரங்கள்’ எனப்படுகின்றன. தஞ்சை அரண்மனையிலும் பேண்டுக்குழு இருந்தது. அங்கிருந்து திருமண ஊர்வலங்களுக்கும் தேவாலயத் திருவிழாக்களுக்கும் ‘பேண்டு வாத்தியம்’ பரவிய கதையைத் தனியே ஒரு நூலாகவே எழுதலாம்.

நீலகிரியில் இவ்விசையின் இருப்பிடம் குன்னூரை அடுத்த வெலிங்டன். பழைய பெயர் ஜக்கதளா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்குப் படைவீடுகள் எழுந்தன. இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவாகக் கருதப்படும் மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் 1947 முதல் இங்குச் செயல்படுகிறது. பயிற்சி முடித்த இளம்வீரர்கள் ஸ்ரீநாகேஷ் படைமுகாம் திடலில் உறுதிமொழி ஏற்கும் நாளில் மையத்தின் பேண்டு முழங்குகிறது. மூடுபனி விலகாத காலையில் கண்ணுக்குக் குழு தெரியுமுன்னரே பேஸ் டிரம்மின் அதிர்வு மார்பில் வந்து மோதும். ட்ரம்பெட்டின் ஒலி பின்னரே எட்டும்.

படைப்பேண்டில் இசைப்போர் வெறும் அலங்காரத்துக்கு நிற்பவர் அல்லர். அவர்களும் பயிற்சி பெற்ற படைவீரரே. போர்க்களத்தில் காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் பணி பேண்டு வீரர்க்கு உரியது. மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் உள்ள படையிசைப் பள்ளியில் அவர்கள் இசை கற்கின்றனர். அப்பள்ளியும் ஒரு மலைநகரில் அமைந்திருப்பது சுவையான ஒற்றுமை.

உதகைக்கு அருகில் லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858ஆம் ஆண்டு படைவீரர் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர் நாள் விழாவில் மாணவர் அணிவகுப்புக்கு மாணவர் பேண்டே இசைக்கிறது. படைமுகாமின் இசை பள்ளிச் சிறுவர் கைக்கு வந்த வழிகளுள் இத்தகைய பள்ளிகளும் ஒன்று.

ஒளிய இடமில்லாத குழு

நூறு பேர் இசைக்கும் பெருங்குழுவில் ஒருவர் ஒரு சுரத்தை விட்டுவிட்டால் கடல் அதனை மூடிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள சிறு குழுவிலோ ஒவ்வொரு குரலுக்கும் ஒருவரோ இருவரோதான் இருப்பர். ட்ரம்பெட் மெட்டை ஏந்தும். ட்ரோம்போனும் யூஃபோனியமும் நடுக்குரலை நிரப்பும். டியூபா அடித்தளம் இடும். சைடு டிரம், பேஸ் டிரம், தாளம் ஆகியவை நடையைக் காக்கும். இவற்றுள் ஒன்று விழுந்தாலும் கேட்போர் அனைவர்க்கும் அந்தப் பள்ளம் தெரிந்துவிடும். சிறு குழுவின் அச்சமும் இதுவே, இன்பமும் இதுவே. தன் ஒலி இல்லாமல் இப்பாட்டு இல்லை என்பதை ஒரு மாணவர் வாழ்வில் முதன்முறையாகத் தம் காதாலேயே கேட்டறிகிறார்.

பித்தளைக் கருவியின் இயல்பு இந்த அச்சத்தை மேலும் கூட்டுகிறது. ட்ரம்பெட்டில் இருப்பவை மூன்று கட்டைகள் மட்டுமே. முதற்கட்டை சுருதியை ஒரு முழுச்சுரமும், இரண்டாவது அரைச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். மற்றவை எல்லாம் உதட்டின் வேலை. ஒரே கட்டையை அழுத்திய நிலையிலேயே உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் விசையாலும் பல சுரங்கள் எழும். எனவே விரல் சரியாக இருந்தும் சுரம் பிழைக்கக்கூடும். எழுப்பப்போகும் சுரத்தை ஊதுமுன்னரே மனத்துக்குள் பாடிக்கொள்ளாதவர் இக்கருவியை ஆள இயலாது. வாய்ப்பாட்டுப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் ட்ரம்பெட்டில் விரைந்து தேறுவதன் காரணமும் இதுவாகலாம்.

மூச்சும் பங்கிடப்பட வேண்டும். டியூபாவின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வரும். அந்நீளத்தை நிரப்ப ஒருவர் நெஞ்சே உள்ளது. ஒரே குரலை இருவர் இசைத்தால் ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் தாங்குவார். ஒருவர் மட்டுமே இருப்பின் எந்தச் சொற்றொடரின் இறுதியில் மூச்செடுப்பது என்பதைக் குழுவே கூடி முடிவு செய்து குறித்துக்கொள்ளும். அடுத்தவர் எப்போது மூச்செடுப்பார் என்பதை அறிந்து வைத்திருக்கும் நட்பு வேறு எந்தக் களத்தில் கிடைக்கும்?

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இசைக்கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தியங்கும் முறையைக் காட்டுகிறார். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும் என்று ஒலி படிப்படியாகத் திரள்கிறது. முன்னவரைக் கேட்ட பின்னரே பின்னவர் நுழைகிறார். நல்ல பேண்டு ஆசிரியர் முதல்நாள் சொல்லித்தருவதும் இதுதான்.

குளிரும் சுருதியும்

மலையில் பித்தளைக் கருவி இசைப்போர் அறிந்திருக்க வேண்டிய அறிவியல் ஒன்று உண்டு. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியசில் அது வினாடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர். வெப்பம் ஒரு டிகிரி உயர, வேகம் 0.6 மீட்டர் கூடும். குழாய்க்குள் உள்ள காற்று குளிர்ந்திருந்தால் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். 25 டிகிரி வெப்பமுள்ள சமவெளி நகரில் சேர்த்த சுருதி, 5 டிகிரி குளிருள்ள உதகைக் காலையில் அரைச்சுரத்தில் பாதிக்கும் மேலாகத் தாழ்ந்துவிடும். உலோகம் குளிரில் சுருங்குவதே காரணம் என்று பலர் எண்ணுவர். சுருக்கம் மிகச் சிறிது. அது சுருதியை ஏற்றவே செய்யும். இறக்குவது காற்று.

இதற்கு மருந்து இசைப்போர் நெஞ்சிலேயே உள்ளது. போட்டித் திடலுக்குள் நுழையுமுன் வரிசையில் காத்திருக்கும் குழுவினர் ஒலி எழுப்பாமல் வெப்ப மூச்சைக் கருவிக்குள் மெல்ல விட்டுக்கொண்டே இருப்பர். ட்ரம்பெட் விரைவில் சூடேறும். நீண்ட குழாயுடைய டியூபாவுக்கு நேரமாகும். ஆகவே ஒரே குழுவுக்குள்ளேயே கருவிகள் வெவ்வேறு அளவில் சுருதி ஏறும். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்டுக் குழாயை நீட்டியும் குறுக்கியும் இணங்க வேண்டும். மூச்சின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகும். அந்நீரை வெளியேற்றச் சிறுமூடி ஒன்று உண்டு. அதைத் திறக்க மறந்தவரின் கருவி இனிய மெட்டுக்கிடையில் கொப்பளித்துக் குழுவையே நகைக்கவைக்கும்.

தோல் போர்த்திய பறைக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. மலைமூட்டத்தின் ஈரத்தில் தோல் தளரும். தீமூட்டி வாட்டினால்தான் குரல் திரும்பும். இன்றைய பேண்டு முழவுகளில் பிளாஸ்டிக் படலம் போர்த்தப்படுவதால் அத்தொல்லை இல்லை. தீயைச் சுற்றி நின்று பறை காய்ச்சும்போது நிகழும் பேச்சும் சிரிப்பும் அவற்றுக்கு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். சமவெளியிலிருந்து வந்த குழுவினர்க்கு நடந்துகொண்டே ஊதும்போது முதல்நாளில் மூச்சு திணறும். மலைப்பிள்ளைகளின் உடலோ பழகியது. கீழே இறங்கிப் போட்டியிடும்போது இது அவர்களுக்குச் சிறு நன்மையும் ஆகலாம்.

நடந்துகொண்டு இசைப்பதில் இன்னுமொரு சிக்கல் உள்ளது. விரைநடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள் வைக்கப்படும். ஓர் அடிக்கு அரை வினாடி. 20 மீட்டர் தொலைவில் நிற்கும் முழவின் ஒலி வந்து சேர ஏறத்தாழ 0.06 வினாடி ஆகும். காதை மட்டும் நம்பி ஊதினால் பின்வரிசை ஒவ்வோர் அடியிலும் சற்றே பிந்தும். அதனால் முன்செல்லும் டிரம் மேஜரின் கோலைக் கண்ணால் பற்றிக்கொள்ள வேண்டும். சிறு குழுவினர் நெருங்கி நிற்பதால் இவ்விடர் குறைவு. அவர்கள் ஒருவர் தோளசைவை ஒருவர் கண்டு தொடங்குவர். ஒரே மூச்சு உள்ளிழுக்கும் ஓசையே அவர்களுக்குக் கட்டளை.

திரைக்குப் பின் ஒரு செவி

பித்தளை இசைக்குழுப் போட்டிகள் இங்கிலாந்தின் ஆலை, சுரங்கத் தொழிலாளரிடையே வேரூன்றின. மான்செஸ்டர் நகரின் பெல் வியூ தோட்டத்தில் 1853ஆம் ஆண்டு நடந்த போட்டி அவற்றுள் புகழ்பெற்றது. பகலெல்லாம் நிலக்கரித்தூளிலும் பஞ்சுத்தூசியிலும் உழைத்தவர் மாலையில் கூடிப் பயின்றனர். அப்போட்டிகளில் நிலைபெற்ற வழக்கம் ஒன்று குறிப்பிடத்தக்கது. நடுவர்கள் மூடிய கூடாரத்துக்குள் அமர்வர். எந்த ஊர்க் குழு இசைக்கிறது, அவர்கள் உடை எத்தகையது, அவர்களை நடத்துபவர் யார் என்பன எவையும் அவர்களுக்குத் தெரியா. காதில் விழும் ஒலிக்கே மதிப்பெண்.

கோத்தர் கொம்புக்கு நேர்ந்ததை இதனோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். சடங்குக்களத்தில் இசைத்தவர் யார் என்ற கேள்வி இசையைவிட முன்னே நின்றது. கூடாரத்துக்குள் அக்கேள்விக்கு இடமே இல்லை. போட்டி மனிதரைப் பிரிக்கும் என்று பொதுவாகக் குறை கூறுவர். இசைப்போட்டி பல வேளைகளில் அவர்களைச் சமமாக நிறுத்தியுள்ளது.

அமெரிக்காவில் பித்தளைக் கருவியும் முழவும் மட்டும் கொண்ட இளைஞர் அணிகள் ‘டிரம் கோர்’ எனப்படும். அவற்றின் பேரமைப்பு 1972இல் உருவாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் திடலில் கோலமிட்டு நகர்ந்தபடி இசைப்பது அதன் சிறப்பு. ஆயினும் அப்பெருவிழாவையொட்டிச் சில பேர் மட்டுமே சேர்ந்து இசைக்கும் சிறுகுழுப் போட்டியும் நடத்தப்படுகிறது. பெருங்கூட்டத்தில் ஆண்டு முழுதும் இசைத்தவரும் அந்தச் சில நிமிடங்களை விரும்பித் தேடிச் செல்கின்றனர்.

தில்லி நோக்கிய வழி

இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் இணைந்து குடியரசு நாளையொட்டித் தேசியப் பள்ளி பேண்டுப் போட்டியை நடத்துகின்றன. மாநில அளவில் வென்ற குழுக்கள் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்னும் நான்கு மண்டலங்களில் மோதுகின்றன. மாணவர் பித்தளை பேண்டு, மாணவியர் பித்தளை பேண்டு, மாணவர் பைப் பேண்டு, மாணவியர் பைப் பேண்டு என்று நான்கு பிரிவுகள். மண்டலத்துக்கு நான்காக 16 குழுக்கள் தில்லி இறுதிக்குத் தகுதி பெறுகின்றன. மாணவியர்க்குத் தனிப்பிரிவு இருப்பது சிறிய செய்தி அன்று. கோத்தர் மரபில் கருவி இசைப்போர் ஆடவரே. பெண்டிர் பாடவும் ஆடவும் செய்வர். படைப்பேண்டுகளும் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியனவாக இருந்தன. இன்று பதினாறு வயது மாணவி ஒருத்தி டியூபாவைத் தோளில் ஏற்றி அடித்தளம் இடும்போது, அவள் மூச்சின் மேல்தான் முழுக்குழுவும் நிற்கிறது.

போட்டி மேடையின் காலம் மிகக் குறுகியது. மாதக்கணக்கில் விடியலில் எழுந்து பயின்றது சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேர்வு எழுதினால் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்துத் திருத்தலாம். வெளிவந்த ஒலியைத் திருத்த இயலாது. பிழை நேர்ந்தால் அதனை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அடிக்குள் நுழைய வேண்டும். பதினோராம் வகுப்பில் பயிலும் ஒருவர்க்கு இது எளிய பாடம் அன்று. பிழைத்தவரின் முகத்தை அருகிலிருப்பவர் நோக்காமல் இருப்பதும் அப்பயிற்சியின் ஒரு பகுதி. நோக்கினால் அவர் அடுத்த சுரத்தையும் இழப்பார்.

இசைத்து முடித்த குழு, ஓரத்தில் அமர்ந்து அடுத்த குழுவைக் கேட்கும். போட்டியின் நுட்பமான மகிழ்ச்சி இங்குதான் உள்ளது. பொதுமக்கள் ஆரவாரத்தைக் கேட்டுக் கைதட்டுவர். எதிரணியின் ட்ரம்பெட் மாணவரோ, மெல்லொலியில் மேற்சுரத்தை நடுங்காமல் தொட்டதற்காகத் தலையசைப்பார். அவ்விடத்தில் எத்தனைமுறை தாம் வழுக்கினார் என்பது அவருக்கே தெரியும். போட்டியாளரைப்போல் நன்கு கேட்கும் செவி வேறில்லை.

முடிவு அறிவிக்கப்படும் வரையில் செய்ய வேண்டிய வேலைகள் பல உள. குழாய்களைக் கழற்றி நீரை வடிக்க வேண்டும். கட்டைகளுக்கு எண்ணெய் இட வேண்டும். விரல்தடம் பதிந்த பித்தளையை மென்துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். முழவின் வார்களைத் தளர்த்தி உறையிட வேண்டும்.

தேசிய இறுதிப்போட்டி சனவரியில் நடைபெறுகிறது. நீலகிரியின் கோத்தர் ஊர்களில் கம்பட்டராயர் திருவிழா மார்கழி, தை மாதங்களையொட்டி வரும். உறைபனி விழும் இரவுகளில் கோயில் முற்றத்தில் தீ மூட்டப்படுகிறது. பறைகள் காய்ச்சப்படுகின்றன. வளைந்த பித்தளைக் கொம்புகள் வானை நோக்கி உயர்கின்றன. பிறர் சடங்குக்காக அன்றித் தம் தெய்வங்களான அய்னோர், அம்னோர் கேட்பதற்காக ஊரார் அவற்றை முழக்குகின்றனர்.